துக்கம் டீ.என்.ஏ.யை அழித்துவிடுமா?

கேள்வி: பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 38, முன்பள்ளி ஆசிரியை. எட்டு மாதத்துக்கு முன்னர் அப்பா தவறிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது. நடுச்சாமத்தில் எழுந்து அப்பாவைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார், நானும் கூடவே எழும்ப வேண்டும். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை, பண்டிகைக்குத்தான் வருவார். இந்த எட்டு மாதமாக எனக்குத் தடிமனும் இருமலும் விட்டபாடில்லை. காலில் சுடுதண்ணீர் பட்ட சிறு புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. மன அழுத்த ஓமோன் நிர்ப்பீடன (நோய் எதிர்ப்பு) உறுப்புகளில் டீ.என்.ஏ. உருவாவதையே நிறுத்திவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். என் டீ.என்.ஏ. அழிந்துவிட்டதா? என் இரண்டு பிள்ளைகளுக்கும் அது போகுமா? அந்த ஓமோனை அளக்கும் கோர்ட்டிசோல் பரிசோதனை செய்ய வேண்டுமா? அந்தக் காணொளியில் விற்கும் பொடியை வாங்கலாமா? வேறு வருத்தம் எதுவும் எனக்கு இல்லை. மூச்சு இழுப்பு வந்தால் மட்டும் டவுன் பாமசியில் தரும் சின்ன வெள்ளைக் குளிசையைப் போடுவேன். இப்போது அது அடிக்கடி தேவைப்படுகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தையாரை இழந்த துயரத்தோடு தாயாரின் இரவுகளையும் சேர்த்துச் சுமக்கும் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் டீ.என்.ஏ. அழிந்துவிடவில்லை என்பதும், பிள்ளைகளுக்குப் போய்ச் சேரக்கூடிய பழுது எதுவும் இதில் இல்லை என்பதும்தான். காணொளியில் சொன்னது முழுப் பொய்யன்று. ஆய்வுகூடத்தில் மெய்யாகவே கண்ட ஒன்றை, அது எந்த உயிரில், எந்த உறுப்பில், எவ்வளவு காலத்துக்கு நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அது உங்களிடம் வெறும் பயமாக வந்து சேர்ந்திருக்கிறது. உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வெள்ளைக் குளிசைதான். அதற்கு வருவதற்கு முன்னர் ஓமோன் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஓமோனை விளங்கிக்கொண்டால் குளிசையையும் விளங்கிக்கொள்வீர்கள்.

ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னர், தன்னிடமுள்ள டீ.என்.ஏ. முழுவதையும் ஒருமுறை பிரதி எடுத்துக்கொள்கிறது. டீ.என்.ஏ. தொகுப்பு என்று சொல்வது இதைத்தான். மனிதக் கலமொன்றில் ஏறத்தாழ 600 கோடி மூலச்சோடிகள் உள்ளன. அத்தனையையும் பிரதி எடுத்து முடிக்கப் பொதுவாக எட்டு மணித்தியாலம் அளவில் ஆகும். மூளையின் நரம்புக் கலங்கள் பெரும்பாலும் பிரிவதேயில்லை என்பதால் அவற்றுக்கு இந்த வேலை கிடையாது. நிர்ப்பீடனக் கலங்களின் நிலைமை வேறு. உங்கள் உடலுக்குள் ஒரு வைரசு நுழைந்தால், அதை இனங்காணக்கூடிய நிணநீர்க்குழியங்கள் (ஒரு வகை வெண்குருதிக் கலங்கள்) தொடக்கத்தில் மிகச் சிலவே இருக்கும். அவை நிணநீர்க்கணுக்களில் தங்கி, பிரிந்து, மீண்டும் பிரிந்து, சில நாட்களுக்குள் பல்லாயிரமாகப் பெருகியாக வேண்டும். தொண்டை நோவு வரும்போது கழுத்தில் நெறி கட்டுவதற்கு ஒரு காரணம், அந்தக் கணுவுக்குள் நடக்கும் இந்தப் பெருக்கமே. ஆகவே நிர்ப்பீடன உறுப்புகளில் டீ.என்.ஏ. தொகுப்புக் குறைகிறது என்றால், புதிய கலங்கள் உருவாகும் வேகம் குறைகிறது என்று பொருள். ஏற்கனவே இருக்கும் கலங்களில் எழுதப்பட்டுள்ளது அப்படியே இருக்கும். பிள்ளைகளுக்குப் போவது சூல்முட்டையிலுள்ள டீ.என்.ஏ. மட்டுமே என்பதால், நிணநீர்க்கணுவில் பிரதி எடுக்கும் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அது அவர்களைச் சேராது.

இனி ஓமோனின் வழியைப் பார்ப்போம். அச்சமோ துக்கமோ ஓயாத களைப்போ மூளையை எட்டும்போது, பரிவகக்கீழ் என்னும் பகுதி மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. கபச்சுரப்பி சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கோர்ட்டிசோலைச் சுரக்கின்றன. இது நஞ்சன்று, நாளாந்தம் நம் எல்லோருக்கும் விடியற்காலையில் உயர்ந்து, நடு இரவில் மிகத் தாழ்ந்து ஓடும் ஓமோன். நிணநீர்க்குழியத்துக்குள் நுழைந்ததும் அது அங்குள்ள வாங்கி என்ற, ஓமோனைப் பற்றிக்கொள்ளும் புரதத்தோடு பிணைந்து, கலத்தின் கருவுக்குள் சென்று, எந்தப் பரம்பரையலகு வாசிக்கப்பட வேண்டும், எது நிறுத்தப்பட வேண்டும் என்பதை மாற்றுகிறது. அப்படி அடக்கப்படுபவற்றுள் முக்கியமானது இன்டர்லூக்கின்-2. நிணநீர்க்குழியங்களில் ஒரு வகையான டீ-குழியங்கள் தமக்கும் தம் அயலிலுள்ள கலங்களுக்கும் 'பிரியலாம்' என்று கொடுக்கும் சைகை அதுவே. அந்தச் சைகை குறைந்தால், கலம் பிரதி எடுக்கத் தொடங்கும் கட்டத்துக்கு முன்னரே நின்றுவிடுகிறது. இதைத் தவிர, அவசர நேரத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் மண்ணீரலுக்குள்ளும் நிணநீர்க்கணுக்களுக்குள்ளும் நேரடியாகவே சென்று, அதிரினலீனின் இனத்தைச் சேர்ந்த நோரதிரினலீனை விடுகின்றன. அதுவும் அதிரினலீனும் நிணநீர்க்குழியங்களின் பீட்டா வாங்கிகள் வழியாக அதே பிரிவை இன்னொரு பக்கமிருந்து தடுக்கின்றன.

இந்த அறிவின் தொடக்கம் 1936. ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிர், காயம், அளவுக்கு மிஞ்சிய உழைப்பு, நஞ்சு என்று வெவ்வேறு துன்பங்களுக்கு உட்படுத்தியபோது, துன்பம் எதுவாக இருந்தாலும் அதிரீனல் சுரப்பி பருத்திருப்பதையும், தைமசுச் சுரப்பியும் நிணநீர்க்கணுக்களும் சுருங்கியிருப்பதையும், இரைப்பையில் புண் ஏற்பட்டிருப்பதையும் கண்டார். தைமசு மார்பெலும்பின் பின்னால் இருப்பது. டீ-குழியங்கள் அங்கேதான் முதிர்ச்சி பெறுகின்றன. பிற்காலத்தில் வந்த ஆய்வாளர்கள், டீ.என்.ஏ.யின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான தைமிடீனைக் கதிர்த்தொழிற்பாடுள்ளதாக ஆக்கிக் கலங்களுக்குக் கொடுத்து, எவ்வளவு உள்ளே சென்று சேர்கிறது என்று அளந்தார்கள். பிரதி எடுக்கும் கலம் மாத்திரமே தைமிடீனை எடுத்து டீ.என்.ஏ.யில் சேர்க்கும் என்பதால், அந்த அளவு தொகுப்பின் வேகத்தைக் காட்டும். கோர்ட்டிசோல் வகை ஓமோன் கொடுத்த எலிகளின் தைமசிலும் மண்ணீரலிலும் அந்த வேகம் தெளிவாகவே குறைந்தது. 1980 இல் அன்ட்ரூ வைலி இன்னொன்றைக் காட்டினார்: இந்த ஓமோனுக்கு ஆட்பட்ட தைமசுக் கலங்கள் தம் டீ.என்.ஏ.யைத் தாமே ஒழுங்கான துண்டுகளாக வெட்டிக்கொண்டு மடிகின்றன. 'டீ.என்.ஏ. அழிகிறது' என்ற காணொளியின் சொல் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஆனால் அப்படி மடிவது முதிராத கலங்கள். தைமசில் உருவாகும் கலங்களில் மிகப் பெரும்பான்மை, நாம் மகிழ்ச்சியாக இருக்கும் காலத்திலும் தேர்வில் தோற்று இவ்விதமாகவே நீக்கப்படுகின்றன.

இங்கே நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு உண்டு. எலியின் நிணநீர்க்குழியங்கள் இந்த ஓமோனுக்கு மிக எளிதாக மடிபவை. மனிதருடைய முதிர்ந்த நிணநீர்க்குழியங்கள் அதைவிட வெகுவாகத் தாங்கக்கூடியவை. கோர்ட்டிசோல் உயரும்போது நம் குருதியில் அவற்றின் எண்ணிக்கை குறைவதற்குப் பெரும் காரணம், அவை என்பு மச்சை போன்ற இடங்களுக்கு ஒதுங்கிப் போவதே. அடுத்தது, எலியிலுங்கூட ஓமோன் தணிந்தால் தைமசு சில வாரங்களில் மீண்டும் வளர்கிறது. நீங்கள் தோட்டத்தில் வாழ்கிறவர். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்து, செடி செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அடியும் வேரும் இருக்கும்வரை துளிர் வரும்.

தைமசு தொடர்பாக ஒரு பழைய செய்தியையும், மலையகத்தில் வேலை செய்யும் ஒரு வைத்தியனாக, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் உடற்கூறு கற்பதற்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழைகளின் சடலங்கள். பட்டினியாலும் நெடுநாள் நோயாலும் சுருங்கியிருந்த அவர்களுடைய தைமசையே இயல்பான அளவு என்று வைத்தியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னர், திடீரென இறந்த ஆரோக்கியமான குழந்தைகளில் இயல்பான தைமசைக் கண்டபோது, அது வீங்கியிருக்கிறது, அதுவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவு செய்து, பல்லாயிரம் குழந்தைகளின் கழுத்துக்கும் மார்புக்கும் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அவர்களுள் பலருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் வந்தது. வறுமை உடலுக்குள் இவ்வளவு தூரம் சென்று ஓர் உறுப்பையே சுருக்குகிறது என்பதைக் காண மறுத்ததற்குக் குழந்தைகள் கொடுத்த விலை அது. போசாக்கின்மை தைமசைச் சுருக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட செய்தி. தோட்டப் புறங்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அதிகமாக இருக்கும்வரை, அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டைப் பற்றியும் பேசாமல் இருப்பது நேர்மையன்று. நீங்களும், அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவராக இருந்தால், முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை ஆகியவற்றில் உங்கள் பங்கைக் குறைக்காதீர்கள்.

மனிதரில் என்ன கண்டிருக்கிறார்கள்? 1977 இல் அவுஸ்திரேலியாவில், கணவனையோ மனைவியையோ இழந்த 26 பேரின் குருதியை எடுத்து, நிணநீர்க்குழியங்களைத் தூண்டிப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் அவற்றின் பிரியும் திறன், துக்கம் நேராதவர்களுடையதைவிடக் குறைந்திருந்தது. கலங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. கவனியுங்கள், கோர்ட்டிசோல் அளவிலும் வேறுபாடு இல்லை! ஆகவே துக்கத்தின் பாதை ஒற்றை ஓமோனின் பாதையன்று. நரம்பும் தூக்கமும் உணவும் அதில் சேர்ந்திருக்கின்றன. 1995 இல் அமெரிக்காவில், நினைவாற்றல் இழந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீற்றர் அகலச் சிறு காயம் ஒன்றை ஏற்படுத்திப் பார்த்தபோது, அது ஆறச் சராசரியாக 48.7 நாட்கள் ஆயின. அத்தகைய பொறுப்பில்லாத 13 பெண்களுக்கு 39.3 நாட்கள். உங்கள் நிலையிலிருக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு என்பதால் அதை விசேடமாகக் குறிப்பிடுகிறேன். இரவில் எழுந்து எழுந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வது உடலில் பதிகிறது. அது உங்கள் மனப்பிரமையன்று. 1991 இல் வெளிவந்த வேறோர் ஆய்வில் 394 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் தடிமன் வைரசுகளை விட்டபோது, அழுத்தம் மிகக் குறைந்தவர்களுள் 27 சதவீதத்தினருக்கும், மிக அதிகமானவர்களுள் 47 சதவீதத்தினருக்கும் தடிமன் வந்தது. கூடுகிறது, உண்மைதான், ஆனால் மிக அதிக அழுத்தத்தில் இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தடிமன் இல்லாமல் தப்பினார்கள் என்பதையும் அதே எண்கள்தான் சொல்கின்றன.

உடல் ஏன் தன் காவலைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். 1984 இல் அலன் மங்க் என்பவரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த விளக்கம் எனக்கு இன்றும் நியாயமாகப் படுகிறது: நிர்ப்பீடனத் தாக்குதல் எல்லை மீறினால் அது சொந்த உடலையே புண்படுத்தும்; அதைக் கட்டுக்குள் வைப்பதே இந்த ஓமோனின் வேலை. அளவோடு சுரக்கும்வரை அது உடலுக்குக் காப்பு.

இப்போது அந்தக் குளிசை. இழுப்புக்குப் பாமசிகளில் வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கப்படும் சிறு வெள்ளைக் குளிசை இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று சல்பியூட்டமோல், அது அதிரினலீன் பற்றும் அதே பீட்டா வாங்கியில் வேலை செய்வது. போட்டதும் கை நடுங்கி நெஞ்சு படபடக்குமானால் அதுவாக இருக்கலாம். மற்றது பிரட்னிசொலோன், அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த டெக்சாமெதசோன். இவை கோர்ட்டிசோலின் செயற்கை வடிவங்கள், ஸ்டீரொயிட் என்று சொல்லப்படுபவை. நாள் ஒன்றுக்கு நம் அதிரீனல் சுரப்பிகள் சுரக்கும் கோர்ட்டிசோல் பொதுவாக 10 முதல் 20 மில்லிகிராம்; 5 மில்லிகிராம் பிரட்னிசொலோன் குளிசை ஒன்று ஏறத்தாழ 20 மில்லிகிராம் கோர்ட்டிசோலுக்கு ஈடு. கடும் இழுப்புக்கு வைத்தியர்கள் கொடுப்பதுபோல் ஆறு குளிசை போட்டால், உடலின் ஒரு நாள் சுரப்பைப் போலப் பல மடங்கு உள்ளே செல்கிறது. உங்கள் துக்கத்தால் இந்த அளவை ஒருபோதும் எட்ட முடியாது. காணொளியில் நீங்கள் கேட்டுப் பயந்தீர்களே, அதை ஒரு மனிதரில் உண்மையாகவே செய்யக்கூடிய பொருள், டவுனில் கடதாசிப் பைக்குள் எண்ணிப் போட்டுத் தரப்படும் இந்தக் குளிசையாக இருக்கலாம். தொற்று அடிக்கடி வருவது, புண் ஆறத் தாமதிப்பது, குருதியில் சீனி ஏறுவது, உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழிப்பது எல்லாம் அதன் அறியப்பட்ட விளைவுகள்.

இதைப் படித்துப் பயந்து இன்றே நிறுத்திவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அது பிரட்னிசொலோனாக இருந்து, மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ அடிக்கடியோ போட்டிருந்தால், உங்கள் அதிரீனல் சுரப்பிகள் வேலையை நிறுத்தி ஓய்ந்திருக்கலாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, குருதியமுக்கம் விழுதல் என்று உயிருக்கே ஆபத்து நேரலாம். நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. வைத்தியர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கொண்டுவருவார். அடுத்த முறை பாமசிக்குப் போகும்போது, குளிசையை உதிரியாக வாங்காமல், பெயர் அச்சிட்ட அட்டையைக் காட்டச் சொல்லி அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை, எத்தனை நாட்கள் போட்டீர்கள் என்பதையும் நினைவுக்கு எட்டிய அளவில் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டோடு இந்த வாரமே அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கன்னம் உருண்டு வருகிறதா, சிறு அடிக்கும் தோல் கன்றிப்போகிறதா, தண்ணீர்த் தாகமும் சிறுநீரும் அதிகமா என்பதையும் சொல்லுங்கள்.

அங்கே சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்க்கக் கேளுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. இந்த மருந்தால் ஏறும் சீனி பெரும்பாலும் பிற்பகலில், சாப்பாட்டுக்குப் பின்னர்தான் தெரியும். ஒரு மாதமாக ஆறாத புண்ணுக்கு, துக்கத்தைக் காரணம் சொல்வதற்கு முன்னர் சீனியைப் பார்ப்பதே முறை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. மார்பு நோய் கிளினிக்கில் அது இலவசம். உங்களுக்கு எட்டு மாதம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கோர்ட்டிசோல் பரிசோதனையைத் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களாகச் செய்ய வேண்டாம். நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் ஓமோனை ஒரு முறை அளந்து அழுத்தத்தை மதிப்பிட முடியாது. பிரட்னிசொலோன் போடும் நாட்களில் முடிவே தவறாக வரும். பொடியையும் வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்று சொல்லாத பொடியில் இதே ஸ்டீரொயிட்டைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

அம்மாவையும் உங்களோடு கூட்டிச் செல்லுங்கள். கணவரை இழந்த பின்னர் வந்த நினைவுத் தடுமாற்றம் எல்லாம் மறதி நோயன்று. மனச்சோர்வும் தைரொயிட் குறைவும் பீ-12 விற்றமின் குறைவும் அப்படியே தோன்றும், அவை மூன்றும் சிகிச்சைக்கு இணங்குபவை. அவருடைய இரவு சீரானால் உங்கள் இரவும் சீராகும். அண்ணனிடம் பணம் அனுப்பச் சொல்வதைவிட, மாதத்தில் ஓரிரு இரவாவது வந்து அம்மாவோடு படுக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால் பக்கத்து லயத்தில் நம்பிக்கையான ஒருவரைக் கேளுங்கள். தாங்க முடியாத நேரத்தில் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது; தமிழிலும் பேசலாம்.

இழுப்புக்குக் கிளினிக்கில் பெக்லோமெதசோன் இன்ஹேலர் தந்தால், அதுவும் ஸ்டீரொயிட் என்று கேள்விப்பட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள். அது மைக்ரோகிராம் கணக்கில் நேரே சுவாசக் குழாய்க்குச் செல்வது. வழக்கமான அளவில் குருதியில் கலப்பது மிகக் குறைவு. இழுப்பு இல்லாத நாட்களிலும் சொன்னபடி காலையும் இரவும் இழுத்து, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், அந்த வெள்ளைக் குளிசையின் தேவை சில வாரங்களில் வெகுவாகக் குறையும். சல்பியூட்டமோல் இன்ஹேலரைத் திடீர் இழுப்புக்கு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் அது தேவைப்பட்டால், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் முன்னதாகவே போய்க் காட்டுங்கள்.